பாட்டுப் பெட்டி: பழைய சோல், புது டிரம் – எமி வைன்ஹவுஸ் பற்றி வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் லண்டன் பாடகி எமி வைன்ஹவுஸின் இரண்டாவது ஆல்பமான 'பேக் டு பிளாக்'கை ஹெட்போனில் முழுவதுமாகக் கேட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தோம். 1960களின் சோல் இசை (அமெரிக்கக் கறுப்பின மக்களின் உருக்கமான பாட்டு வகை), ஹிப்-ஹாப், பாப் மூன்றும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்த ஆல்பம் அது. கேட்டவர்கள் அனுப்பிய கேள்விகளில் இசைக்கலைஞர்களுக்குப் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே பதில்.

முதல் ஆல்பத்துக்கு மூன்று வருடம் கழித்து அடுத்த ஆல்பம் வந்ததை 'மறுவருகை' என்று எழுதியிருந்தீர்கள். 23 வயதுப் பெண்ணுக்கு மறுவருகையா? – வாசகி, மதுரை

வயதை விடுங்கள், நடுவில் விழுந்த இடைவெளியைப் பாருங்கள். 2003 அக்டோபரில் முதல் ஆல்பமான 'ஃபிராங்க்' வந்தது. மேலே ஜாஸ் குரல், கீழே ஹிப்-ஹாப் தாளம். அதில் ஒரு பாட்டுக்கு 2004இல் ஐவர் நொவெல்லோ விருதும் கிடைத்தது. பிரிட்டனில் பாட்டு எழுதுபவர்களுக்குத் தரும் பெரிய மரியாதை அது. அதன்பின் எழுத்து ஓடவில்லை. தானே எழுதித் தானே பாடுகிறவருக்கு எழுத்து நின்றால் எல்லாமே நின்றது மாதிரிதான். வேறொருவர் மெட்டுக்கு வாயசைத்துக் காலம் தள்ள அவர் தயாராக இல்லை.

2006 அக்டோபர் 27இல் அவர் திரும்பி வந்தபோது ஜாஸ் பின்னுக்குப் போயிருந்தது. ரானெட்ஸ், ஷாங்ரி-லாஸ் போன்ற 1960களின் அமெரிக்கப் பெண் குழுக்களின் பாட்டுகள்தான் அந்தக் காலத்தில் அவர் காதில் ஓடிக்கொண்டிருந்தன. மொத்தம் 11 பாட்டு, சுமார் 35 நிமிடம். ஆறு பாட்டு மார்க் ரான்சன் தயாரிப்பு, ஐந்து சலாம் ரெமி தயாரிப்பு. பேரெல்லாம் ரான்சனுக்கே போய்ச் சேர்ந்தது. 'ஃபிராங்க்'கிலும் கூட இருந்த ரெமியின் ஐந்து பாட்டை எடுத்துவிட்டால் ஆல்பத்தில் பாதி சிரிப்பும் பாதித் திமிரும் காணாமல் போகும் என்பது எங்கள் கட்சி.

அந்தப் பழைய சத்தத்துக்கு என்ன பிளக்-இன் (கணினியில் ஒலியை மாற்றும் மென்பொருள்) போட வேண்டும்? டேப், வினைல் பிளக்-இன் எல்லாம் போட்டும் என் பாட்டு பழசாகக் கேட்கவில்லை. தூசி படிந்த மாதிரிதான் கேட்கிறது. – வாசகர், கோவை

கிராமபோன் இரைச்சலை மேலே தூவுவதால் வரும் தொல்லை இது. பழைய ரெக்கார்டில் அந்த இரைச்சல் தேய்மானத்தால் வந்தது. 1964இல் ஸ்டூடியோவுக்குள் இருந்தவர்கள் அதைக் கேட்டதே இல்லை.

ரான்சன் தயாரித்த பாட்டுகளின் சத்தம் முக்கால்வாசி வாசித்தவர்களிடமிருந்து வந்தது. நியூயார்க் புரூக்ளினில் புஷ்விக் பகுதியில் டாப்டோன் என்ற சிறிய ரெக்கார்டு நிறுவனத்துக்கு ஒரு வீட்டு ஸ்டூடியோ இருந்தது. அங்கே சோல் பாடகி ஷாரன் ஜோன்ஸுக்கு வாசித்துக்கொண்டிருந்த டாப்-கிங்ஸ் குழுவினரை ரான்சன் அழைத்துக்கொண்டார். டிரம், பேஸ், கிட்டார், பியானோ எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து சேர்ந்து வாசித்தார்கள், டேப்பில் பதிவானது. டிரம் சத்தம் பியானோ மைக்கில் விழும், பியானோ சத்தம் டிரம் மைக்கில் விழும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் இதை 'லீக்' என்று சொல்லித் துடைக்கப் பார்ப்பார்கள். இங்கே அதுதான் பசை. அறையின் சத்தம் ஒவ்வொரு டிராக்கிலும் கொஞ்சம் இருப்பதால் காது 'இவர்கள் ஒரே இடத்தில் இருக்கிறார்கள்' என்று நம்புகிறது. வயலின் வரிசை மட்டும் பிறகு லண்டன் மெட்ரோபோலிஸ் ஸ்டூடியோவில் சேர்ந்தது.

உங்களிடம் முழுக் குழு இல்லாவிட்டாலும் டிரம்மையும் பேஸையும் ஒரே நேரத்தில் வாசிக்க வையுங்கள். பேஸ் ஆம்ப் சத்தம் டிரம் மைக்கில் கொஞ்சம் விழட்டும். இதற்கு ஒரு விலை உண்டு: பேஸ்காரர் தப்பு செய்தால் அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்ற முடியாது, டிரம் மைக்கில் பழைய தப்பு பேய் மாதிரிக் கேட்கும். ஆகவே முழு டேக்காக மூன்று நான்கு எடுத்து, நல்ல பகுதிகளை எல்லா டிராக்கிலும் ஒரே இடத்தில் வெட்டி ஒட்டுங்கள்.

பேஸ் கிட்டாரில் ஃபிளாட்-வவுண்ட் (மேற்பரப்பு வழவழப்பான) கம்பி மாட்டுங்கள். பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்தால் சுரம் 'தும்' என்று சுருங்கி விழும். டோன் குமிழ் பாதிக்குக் கீழே இருக்கட்டும். சாதாரண ரவுண்ட்-வவுண்ட் கம்பியோடு மிக்ஸில் எவ்வளவு ஈக்யூ திருகினாலும் இது வராது.

ரிவர்பை, அதாவது எதிரொலி விளைவைப் பொறுத்தவரை, ஆளுக்கொன்று வேண்டாம். பாட்டு முழுவதற்கும் ஒரே ஒரு பிளேட் ரிவர்ப், அதுவும் மோனோ. நீளம் 2 நொடி, முன்-தாமதம் (எதிரொலி தொடங்கும் முன் விடும் இடைவெளி) 60 முதல் 100 மில்லிநொடி, ரிவர்புக்குப் போகும் சிக்னலில் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 8 முதல் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டு. கீழே வெட்டாமல் விட்டால் பேஸ் டிரம்மும் ரிவர்பும் சேர்ந்து குழம்பாகிவிடும். டேப் பிளக்-இன்னைக் கடைசியாக, மொத்த மிக்ஸுக்கும் லேசாக ஒன்று போட்டால் போதும். இருபது டிராக்கிலும் இருபது டேப் போட்டதால்தான் உங்கள் பாட்டில் தூசி படிந்திருக்கிறது.

வீட்டு மாடியில் ஒரே ஒரு கண்டென்சர் மைக் வைத்து டிரம் பதிவு செய்கிறேன். சிம்பல் காதைக் கிழிக்கிறது, பேஸ் டிரம்மே கேட்கவில்லை. – டிரம்மர், சேலம்

ஒரே மைக் போதும். வாசிக்கும் கைதான் முதலில் மாற வேண்டும். சோல் டிரம்மர்கள் ஹை-ஹாட்டைத் தடவுவார்கள், ஸ்னேரை அடிப்பார்கள். நம்மில் பலர் ராக் பழக்கத்தில் இரண்டையும் ஒரே பலத்தில் அடிக்கிறோம். ஒரு மைக்கில் பதிவானதைப் பின்னால் சமன் செய்ய வழியே இல்லை. உங்கள் கைதான் மிக்சர்.

அடுத்து ஸ்னேர். தோலை ஒரு சுற்று தளர்த்துங்கள். கைக்குட்டையோ சின்னத் துண்டோ மடித்து தோலில் மூன்றில் ஒரு பங்கை மூடுகிற மாதிரிப் போடுங்கள். பேஸ் டிரம்முக்குள் ஒரு போர்வை, அது பின் தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மைக்கை பேஸ் டிரம்முக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில், ஸ்னேரைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். சிம்பல் இன்னும் அதிகமென்றால் மைக்கை 70 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள். அப்போது டாம்கள் நடுவே நின்று சிம்பலை மறைக்கும். பேஸ் டிரம் குறைவென்றால் மைக்கை ஒரு சாண் முன்னால் நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் அரை நிமிடம் பதிவு செய்து கேட்டுவிட்டு அடுத்த நகர்வுக்குப் போங்கள். மாடி அறை என்றால் தாழ்ந்த கூரைதான் முதல் எதிரி: சிம்பல் சத்தம் மேலே மோதி உடனே திரும்பி மைக்கில் விழும். டிரம்முக்கு நேர் மேலே ஒரு பஞ்சு மெத்தையைக் கட்டித் தொங்கவிட முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கோரைப்பாய் இதற்கு உதவாது, மெல்லியது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், சுழலும் இறக்கை சத்தத்தை அலையலையாக ஆட்டும்.

பதிவு அளவு உச்சத்தில் மைனஸ் 10 டெசிபல் இருக்கட்டும். பிறகு கம்ப்ரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது): விகிதம் 4க்கு 1, அட்டாக் 30 மில்லிநொடி, ரிலீஸ் 100 மில்லிநொடி, முள் 4 முதல் 6 டெசிபல் இறங்க வேண்டும். அட்டாக்கை 1 மில்லிநொடிக்குக் குறைத்தால் அடியின் முனை மழுங்கி, பின்னால் வரும் சிம்பல் மேலெழும். உங்கள் பதிவில் நடந்திருப்பது இதுவாகவும் இருக்கலாம்.

பின்னால் பேஸ் டிரம்முக்குள் இரண்டாவது மைக் வைக்க ஆசை வரும். வையுங்கள். ஆனால் சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகும். அந்த வித்தியாசத்தால் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று அடித்துப் பேஸ் மெலியும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் முன் மைக்கின் டிராக்கைச் சுமார் 140 சாம்பிள் முன்னால் இழுத்துப் பாருங்கள், போலாரிட்டியையும் (அலையின் மேல்-கீழ் திசை) ஒருமுறை மாற்றிப் பாருங்கள். எது தடிமனாக இருக்கிறதோ அது சரி. இந்தச் சோதனையை மோனோவில்தான் செய்ய வேண்டும்.

இதில் ஹிப்-ஹாப் எங்கே இருக்கிறது? அவர் ராப் பாடவே இல்லையே! – வாசகர், திருநெல்வேலி

வாயில் தேடுகிறீர்கள், அது தாளத்தில் இருக்கிறது.

1960களின் சோல் பாட்டு ஒன்றையும் இந்த ஆல்பத்தின் 'யூ நோ ஐம் நோ குட்' பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பழைய பாட்டில் டிரம் பின்வரிசையில், பாடகருக்கும் வயலினுக்கும் பின்னால் நிற்கும். இதில் டிரம் முன்வரிசைக்கு வந்து, குரலுக்குச் சமமான உயரத்தில் நிற்கிறது. ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்கள் பழைய ரெக்கார்டில் டிரம் மட்டும் தனியாக வரும் இரண்டு பாரை (தாள ஆவர்த்தனத்தை) வெட்டியெடுத்து, ஒலித்துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சாம்ப்ளர் கருவியில் சுழலவிட்டார்கள். அந்த வெட்டுத் துண்டு எப்படிக் கேட்குமோ அப்படியே டாப்-கிங்ஸ் டிரம்மர் ஹோமர் ஸ்டைன்வைஸ் கையால் வாசித்திருக்கிறார். ஃபில் (நடுவில் போடும் அலங்கார உருட்டல்) குறைவு, ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரும். பழைய சோலிலிருந்து பிறந்த ஹிப்-ஹாப் பழக்கத்தை மறுபடி சோல் டிரம்மரே வாசிக்கிறார்.

இரண்டாவது, ஆட்கள். சலாம் ரெமி ஹிப்-ஹாப் குழுவான ஃபியூஜீஸுக்கும் ராப்பர் நாஸுக்கும் பீட் செய்தவர். 'மீ அண்ட் மிஸ்டர் ஜோன்ஸ்' பாட்டின் நடை 1950களின் டூ-வாப் (குரல்கள் சேர்ந்து பாடும் குழுப் பாட்டு), ஆனால் பேச்சு முழுக்க 2006இன் தெருப் பேச்சு. ஸ்லிக் ரிக் என்ற ராப்பரின் கச்சேரியைத் தவறவிட்ட கோபம் அதில் வருகிறது. நாஸின் இயற்பெயரில் ஜோன்ஸ் உண்டு. நாஸுக்கும் எமிக்கும் பிறந்தநாள் செப்டம்பர் 14, பத்து வருட இடைவெளியில். ராப்பர்களும் இந்தப் பாட்டுகளை உடனே தங்கள் வீட்டுப் பிள்ளையாகத்தான் பார்த்தார்கள். 'யூ நோ ஐம் நோ குட்'டின் ஒரு வடிவத்தில் கோஸ்ட்ஃபேஸ் கில்லா ராப் செய்தார், 'ரிஹேப்' ரீமிக்ஸில் ஜே-ஸீ வந்தார்.

மூன்றாவது, தாள ஊசல். சாம்ப்ளர்களில் 'ஸ்விங்' என்ற அமைப்பு இருக்கும். 50 சதவீதம் என்றால் நேர்நடை, 66 என்றால் திஸ்ரம். நம் ஆட்கள் கணினியில் பீட் போடும்போது 50இல் அப்படியே விட்டுவிடுகிறார்கள், அல்லது 66க்குப் போய் நொண்டியடிக்கிறார்கள். 54 முதல் 60க்குள் தேடுங்கள். ஸ்னேரை மட்டும் கணினித் திரையின் தாளக் கட்டத்திலிருந்து 8 முதல் 15 மில்லிநொடி பின்னால் தள்ளிப் பாருங்கள். ஹை-ஹாட்டையும் சேர்த்துத் தள்ளினால் மொத்தமும் தள்ளிப்போய் ஒன்றும் தெரியாது.

'பேக் டு பிளாக்' பாட்டைக் கீபோர்டில் வாசிக்க கார்டு சொல்லுங்கள். – மாணவி, கும்பகோணம்

சரணத்துக்கு நான்கே கார்டு: டி மைனர், ஜி மைனர், பி ஃபிளாட் மேஜர், ஏ7. ஒவ்வொன்றும் ஒரு பார், வேகம் நிமிடத்துக்குச் சுமார் 123 தட்டு. கடைசிக் கார்டை ஏ மைனராக வாசிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஏ7இல் இருக்கும் சி ஷார்ப், டியை சட்ஜமமாக வைத்தால் காகலி நிஷாதம். அதை விட்டால் கீரவாணி நடபைரவியாகி, திரும்ப டிக்கு விழும் அந்த இழுப்பு போய்விடும். சஸ்டெயின் பெடலில் காலை வைக்காதீர்கள். வலது கைக் கார்டு ஒவ்வொரு தட்டிலும் குட்டையாக விழட்டும். டாம்பரினுக்கு மட்டும் தாராளமாக ரிவர்ப் கொடுக்கலாம். ரான்சன் முதலில் செய்து காட்டிய வடிவத்திலேயே பியானோவோடு இருந்தது அதுதான்.

பழைய சினிமாப் பாட்டின் இரண்டு பாரை எடுத்து பீட் செய்ய ஆசை. அந்த ஆல்பத்திலும் அப்படிச் செய்திருக்கிறார்கள்தானே? – வாசகர், சென்னை

அங்கே செய்தது வேறு. 'டியர்ஸ் டிரை ஆன் தெயர் ஓன்' முதலில் மெதுவான பாட்டாக எழுதப்பட்டது. அந்த மெதுவான வடிவம் 2011இல், எமி இறந்த பிறகு வந்த 'லயனெஸ்' தொகுப்பில் இருக்கிறது. சலாம் ரெமி அதை வேகப்படுத்தி, மார்வின் கேயும் டாமி டெரலும் 1967இல் பாடிய 'எயின்ட் நோ மவுண்டன் ஹை இனஃப்' பாட்டின் கார்டு நடைமேல் ஏற்றினார். ஆகவே அந்தப் பழைய பாட்டை எழுதிய ஆஷ்ஃபோர்ட்-சிம்ப்சன் தம்பதியின் பெயர் எழுத்தாளர் பட்டியலில் சேர்ந்தது, வருமானத்திலும் பங்கு.

ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது: மெட்டும் வரியும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. பதிவையே வெட்டியெடுத்தால் இரண்டு பேரிடமும் அனுமதி வேண்டும். மெட்டை மட்டும் நீங்களே புதிதாக வாசித்துப் பயன்படுத்தினால் ஒலிப்பதிவு நிறுவனத்திடம் போக வேண்டியதில்லை, மெட்டுக்கும் வரிக்கும் உரிமை உள்ளவர்களிடம் மட்டும் போக வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவு உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. மெட்டு, வரிகளின் உரிமை படைத்தவர் காலமான பிறகு 60 ஆண்டு. 1962 பதிவு காலாவதியாகிவிட்டது என்று துள்ளிக் குதிக்கிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கை மறந்துவிடுகிறார்கள். இசையமைப்பாளர் 1990களில் காலமானவர் என்றால் மெட்டு இன்னும் உரிமைக்குள்தான் இருக்கிறது. 'கவர் பாட்டு' என்ற சட்டப் பிரிவைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அதற்கு முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும், குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்ட வேண்டும், மெட்டை மாற்றவும் கூடாது. இரண்டு பாரை வெட்டிப் புதுப் பாட்டுச் செய்வது அதற்குள் அடங்காது. முதலில் எழுத்தில் அனுமதி, அதன்பின் பதிவு. யூடியூபில் ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பது வேண்டாம்.

எங்கள் ஊர் கல்யாண பேண்டில் டிரம்பெட், சாக்ஸ் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்து இந்த மாதிரிப் பித்தளை வரிசை எழுத முடியுமா? – கீபோர்டு கலைஞர், திண்டுக்கல்

தாராளமாக. கணினியில் வரும் பித்தளை ஒலியைவிட அவர்கள் ஆயிரம் மடங்கு மேல். மூன்று பேர் போதும்: டிரம்பெட், டெனர் சாக்ஸ், பாரிடோன் சாக்ஸ். பாரிடோன் கிடைப்பது கஷ்டம், இருந்தால் விடாதீர்கள். அதன் கரகரப்புதான் அடித்தளம். இல்லையென்றால் பேண்டில் இருக்கும் யூஃபோனியம் சமாளிக்கும்.

சுருதியில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். டிரம்பெட்டும் டெனர் சாக்ஸும் பி ஃபிளாட் கருவிகள் (தாளில் உள்ள சியை வாசித்தால் பி ஃபிளாட் ஒலிக்கும்), பாரிடோன் இ ஃபிளாட் கருவி. நீங்கள் கீபோர்டில் இ மேஜரில் பாட்டை வைத்தால் டிரம்பெட்காரர் எஃப் ஷார்ப் மேஜரிலும் பாரிடோன்காரர் சி ஷார்ப் மேஜரிலும் வாசிக்க வேண்டும். நல்ல வித்வானுக்கே விரல் தடுக்கும். பாடகிக்கு ஒத்துவந்தால் அரை சுருதி ஏற்றி எஃப்புக்கு, அல்லது இறக்கி இ ஃபிளாட்டுக்குக் கொண்டுபோங்கள். மூவர் முகமும் மலரும்.

பாடகி பாடும்போது வாயை மூடி, வரிக்கு வரி இருக்கும் இடைவெளியில் மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்கள். கல்யாண பேண்டில் மூச்சு உள்ளவரை மெட்டைத் தொடர்ந்து வாசித்துப் பழகியவர்கள் என்பதால் முதல் நாள் இது வராது. இரண்டாவது சிக்கல், சுரம் முடியும் இடம். தொடங்குவதை எல்லாரும் சேர்ந்து தொடங்கிவிடுவார்கள், ஆளுக்கொரு இடத்தில் விடுவார்கள். 'மூன்றாம் தட்டில் நிறுத்து' என்று நோட்டிலேயே குறித்து, அதை மட்டும் தனியாகப் பயிற்சி எடுங்கள். பதிவுக்கு ஒரே மைக், மூவரும் ஒன்றரை மீட்டர் தள்ளி அரைவட்டமாக, டிரம்பெட் மட்டும் ஓரடி பின்னால்.

எமி தாளத்துக்குப் பின்னால் பாடுவது போலத் தோன்றுகிறது. பழக வழி உண்டா? – பாடகி, யாழ்ப்பாணம்

உண்டு. மெட்ரனோமை 2, 4 தட்டுகளில் மட்டும் அடிக்க வையுங்கள். முதலில் வரியைப் பாடாமல், பேசுகிற மாதிரிச் சொல்லுங்கள். பிறகு சொற்றொடரின் முதல் சொல்லை மட்டும் தாமதித்து, கடைசிச் சொல்லைத் தட்டிலேயே இறக்குங்கள். எல்லாச் சொல்லையும் தாமதித்தால் தாளம் தெரியாத ஆள் மாதிரிக் கேட்கும். நடுவில் ஓடிப் பிடிப்பதுதான் வித்தை. ஹெட்போனில் உங்கள் குரலைக் குறைத்து டிரம்மைக் கூட்டிக்கொள்ளுங்கள், சாய ஒரு சுவர் வேண்டுமே.

கிராமி விருதை அவர் நேரில் போய் வாங்கவில்லையாமே? – வாசகர், ஈரோடு

ஆமாம். 2008 பிப்ரவரி 10 விழாவின்போது அமெரிக்க விசா சிக்கலால் லண்டனிலிருந்தே செயற்கைக்கோள் வழியாகப் பாடினார். அன்று இரவு அவருக்கு ஐந்து கிராமி.

இதே வழியில் அடுத்து என்ன கேட்கலாம்? – வாசகர், புதுச்சேரி

முன்னால் போங்கள், பின்னாலும் போங்கள். பின்னால் என்றால் லாரின் ஹில்லின் 1998 ஆல்பம், பாடுவதும் ராப் செய்வதும் ஒரே ஆள். அடுத்து டி'ஏஞ்சலோவின் 'வூடூ', 2000. அதில் டிரம் எவ்வளவு பின்னால் சாய்ந்து போகிறது என்பதை மட்டும் ஒருமுறை கேளுங்கள். அதே டாப்-கிங்ஸ் தங்கள் சொந்தப் பாடகி ஷாரன் ஜோன்ஸோடு 2007இல் செய்த '100 டேஸ், 100 நைட்ஸ்' கேட்டால், எமியின் ஆல்பத்தில் எது குழுவின் சத்தம், எது ரான்சன் சேர்த்தது என்று பிரித்துத் தெரியும். ராபேல் சாதிக்கின் 2008 ஆல்பம் 'தி வே ஐ சீ இட்' பழசை அச்சு அசலாக எடுத்திருப்பது. அழகுதான், எங்களுக்குக் கொஞ்சம் அருங்காட்சியக வாசனை. இன்றைய பெயர் வேண்டுமென்றால் லண்டன் பாடகி ரேய். பெரிய நிறுவனத்தை விட்டு வெளியேறி, 2023இல் சொந்தமாக முதல் ஆல்பம் வெளியிட்டு, 2024 பிரிட் விருது விழாவில் ஒரே இரவில் ஆறு விருது வாங்கினார். அவருடைய பித்தளை வரிசையைத் திண்டுக்கல் வாசகரும் கேட்கட்டும்.